படத்தில் உள்ளபடி

ஏப்ரல் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், உன் அண்ணி, இந்த வீட்டுக்கு வந்து போகிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும். அங்கே நீயும் என் மருமகள் பட்டாணியும் எப்படி? உன் இடுப்பு வலி தேவலையா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எழுந்து தூக்கு. டாக்டர்களுக்கே நான் சொல்லிக்கொடுத்த முறை அது.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. பட்டாணி மாதிரி மூளை வேறு விதமாக வேலை செய்கிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அங்கே ஒரு பள்ளிக்கூடம் முன்வந்திருக்கிறது, ஆனால் ஆசிரியர்கள் பயிற்சி எடுப்பதுபோலக் குடும்பத்திலும் இரண்டு பேர் எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒன்று நீ. அவள் அப்பன் போன திசை தெரியாததால் இன்னொன்றுக்கு ஆள் இல்லை. அதே பயிற்சி என் ஊரிலும் நடக்கிறதாம், போக முடியுமா என்று கேட்டிருந்தாய். மீனைப் பிடித்து நீந்தத் தெரியுமா என்று கேட்கலாமா?

போய்ச் சேர்ந்தும் விட்டேன். ஒரு கூடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிறது. முன்னால் ஆசிரியர்கள், பின்னால் குடும்பத்தார். பயிற்சி நடத்துகிற அம்மா குள்ளமாக, தடித்த கண்ணாடியோடு, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "போக்குவரத்துல மேலாளர்," என்றேன். "எந்தப் போக்குவரத்து?" என்றார். "மேல்மட்டப் போக்குவரத்து," என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர். முன்வரிசையில் உட்காரச் சொல்லித்தான் பார்த்தார். நான்தான் அடக்கம் கருதிப் பின்னால் போனேன்.

நிற்க. முதல் பாடம். பிள்ளையிடம் ஒன்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி கேட்டால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து யோசிக்கத் தொடங்குமாம். இதை நான் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டேன். உன் அண்ணியிடம் ஒன்று கேட்டுவிட்டு நான் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

நிற்க. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆகையால் எல்லாப் பாடத்தையும் எழுதியே அனுப்புகிறேன்.

பட்டாணிக்கு மாமாவின் முத்தம். முத்தம் பிடிக்காவிட்டால் வணக்கம்.

உன் அருமை அண்ணன்

*

ஏப்ரல் 27

அண்ணா,

இங்கே நாங்கள் இருக்கிறோம். இடுப்பு அப்படியேதான். அண்ணி சுகமா? எத்தனை "நிற்க" போட்டிருக்கிறாய், படிக்கிற எனக்குக் கால் வலிக்கிறது.

உன் கடிதத்தில் வழக்கம்போலப் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன். காத்திருக்கச் சொன்ன பாடம் எனக்கும் இங்கே நடந்தது. வீட்டுக்கு வந்து, பாலா ரொட்டியா என்று கேட்டுவிட்டு அசையாமல் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்த பிறகு "ரொட்டி" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காமல் அவளாகச் சொன்ன பதில். நான் அடுப்பைத் துடைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

உனக்கு முழுதும் எழுதவில்லை. போன பள்ளிக்கூடத்தின் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தை யாரோ போட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி, கேட்டைத் தாண்டி, சாலை நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். லாரி நின்றதால் பிழைத்தாள். "எங்களால முடியாதும்மா, வேற எடம் பாருங்க," என்றார்கள். இது மூன்றாவது. இப்போது நான் வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டில் விட்டுப் போகிறேன். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் காலையில் டிவி முன்னால் உட்கார வைத்த இடத்திலேயே மாலையில் இருக்கிறாள். இந்தப் பள்ளிக்கூடமும் கைவிட்டால் அவள் வளர்கிற வரைக்கும் அந்த டிவிதான்.

அதனால் ஒரு வகுப்பும் விடாதே.

அண்ணி ஒரு வரி எழுதினால் என்ன? அவர் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. என் விசாரிப்பைச் சொல்.

தங்கச்சி

*

மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் விசாரிப்பை அண்ணியிடம் சொன்னேன், பூரித்துப்போனாள். எழுதச் சொன்னால் கையில் வேலை என்கிறாள். அவள் கை எப்போது சும்மா இருந்தது? எனக்குத்தான் கண் போய்விட்டது. போன வாரம் சட்டைப் பொத்தான் அறுந்து, ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் விடுமுறை நாளே முடிந்துவிட்டது. பட்டாணிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நிற்க. இந்த முறை வகுப்பில் நடந்ததைக் கேட்டால் அசந்துபோவாய். பயிற்சி அம்மா எங்கள் எல்லோர் கழுத்திலும் சாக்குத் துணியைச் சுற்றினார். மூன்று மூலையில் மூன்று ரேடியோவை அலற விட்டார். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். ஒரு தாளைக் கொடுத்து, அதைப் படித்துப் பதில் எழுதுங்கள் என்றார். எழுதும்போதே முதுகுப் பக்கம் வந்து நின்று, "என் கண்ணைப் பாத்துப் பேசுங்க, எங்க பாக்குறீங்க, என் கண்ணைப் பாருங்க," என்று நச்சரித்தார். முன்வரிசையில் ஒரு தலைமையாசிரியர் பேனாவை வீசி எறிந்தார். என் பக்கத்தில் ஒரு தையல்காரர், பேரனுக்காக வருகிறவர், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து எழுதி முடித்தது நான் ஒருவன்தான். நடுவில் வராந்தாவுக்குப் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அது வேறு விஷயம். அங்கே எனக்கு முன்னால் வரிசை இருந்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "உங்களுக்கு இது பத்து நிமிஷப் பயிற்சி. உங்க பிள்ளைங்களுக்கு இதான் பள்ளிக்கூடம்." தலைமையாசிரியர் எழுந்து போய்த் தன் பேனாவைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

நிற்க. அடுத்து படவரிசை. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல் காதில் ஏறுவதற்குள் காற்றில் போய்விடும், படம் கண் முன்னால் நிற்கும். ஆகையால் நடக்கப் போவதை அட்டை அட்டையாக வரைந்து வரிசையாகக் காட்ட வேண்டும். பிள்ளைக்குத் தெரியாத ஓர் இடத்தை வரைந்து அனுப்புங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். படம் வரைவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட வரைந்ததுதான் அதிகம், சுவர் உட்பட.

என் வீட்டையே அட்டை அட்டையாக வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாடி வீடு. வாசலில் நான், பக்கத்தில் அத்தை. மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது, அதில் நம் நாய். பட்டாணியிடம் காட்டு.

உன் அருமை அண்ணன்

*

ஜூன் 8

அண்ணா,

இரண்டு பேரும் இருக்கிறோம். உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி? கண்ணாடி மாற்றிக்கொள். அண்ணி இருக்கும்போது நீ ஏன் நூல் கோர்க்கிறாய்?

பட்டாணி உன் அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, நாயின் மேல் வைத்து, "பேர்?" என்றாள். எனக்குத் தெரியாதே. நீ நாய் வளர்ப்பதே எனக்குப் புதுச் செய்தி. தினமும் கேட்கிறாள், எழுது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். செப்டம்பர் முதல் வாரம் திறக்கிறது. புது இடம் அவளுக்குப் பழகுகிற வரைக்கும், முதல் வாரம் முழுக்க, பயிற்சி எடுத்த ஒருவர் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம், காலையிலிருந்து மணி அடிக்கிற வரை. இல்லாவிட்டால் இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருக்கிற பிள்ளைகள் நிறைய. எனக்கு விடுப்பு கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். கேட்டால் வேலையும் போகும் என்கிற மாதிரிப் பேசினார்கள்.

உன்னால் வர முடியுமா? ஏழு வருஷமாக இதோ அதோ என்கிறாய். அவளை நீ கைக்குழந்தையாகப் பார்த்ததுதான்.

தங்கச்சி

*

ஜூன் 21

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நம் நாயும் பரம சுகம். நாயின் பெயர் மேனேஜர். வாலாட்டாமல் யாரையும் உள்ளே விடாது, அதனால் வைத்த பெயர்.

வர முடியுமா என்று ஒரு கேள்வி. நான் விடுப்பு என்று வாயைத் திறந்தால் போதும், "ஒரு மாசம் போதுமா சார்," என்பார்கள். கம்பெனிக் காரே எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்வதா கஷ்டம்? உட்கார்ந்தே உத்தியோகம் பார்க்கிறவன் நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இல்லாவிட்டால் ஒன்று செய்து எடுத்து வருகிறேன்.

வகுப்பில் சொன்னபடி, நான் வருவதைப் படவரிசையாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றாவது அட்டை, வாசலில் நானும் அத்தையும், அத்தை கையாட்டி வழியனுப்புகிறாள். இரண்டாவது, கார், ஜன்னலில் மேனேஜர் தலையை நீட்டிக்கொண்டு வருகிறது. மூன்றாவது, மாமா வந்து இறங்குகிறேன். சுருட்டை முடி, மீசை, சிவப்புக் கோட்டு. நாலாவது, மாமாவும் பட்டாணியும் பள்ளிக்கூடம் போகிறோம். ஐந்தாவது, பெஞ்சில் மாமா. ஆறாவது, வீடு. தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ராஜா பட்டாபிஷேகத்துக்குப் போற மாதிரி இருக்கு," என்றார். பொறாமை.

சிவப்பு வண்ணப் பென்சில் தீர்ந்தே போயிற்று. பட்டாணிக்கு மாமாவும் மேனேஜரும் வணக்கம்.

உன் அருமை அண்ணன்

*

ஜூலை 6

அண்ணா,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆறு அட்டையையும் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒட்டினேன். எழுந்ததும் விரலால் ஒன்றொன்றாகத் தொடுகிறாள். "அத்தை. கார். மேனேஜர். மாமா. ஸ்கூல். பெஞ்சு. வீடு." மூன்று பள்ளிக்கூடம் சொல்லி வராத சொற்கள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன வாரம் வரைக்கும்.

போன வாரம் கடைக்குப் போவதை நான் வரைந்தேன். நீள ரொட்டி வரைந்தேன். கடையில் உருண்டை ரொட்டிதான் இருந்தது. ரொட்டி ரொட்டிதானே என்று வாங்கினேன். கடைத் தரையில் உட்கார்ந்து தலையை அலமாரியில் மோதிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. கடைக்காரர் கதவைச் சாத்தி விளக்கை அணைத்த பிறகுதான் அடங்கினாள். நெற்றி இன்னும் வீங்கியிருக்கிறது.

நாங்கள் எல்லோரும் உன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டு வாழப் பழகியவர்கள். அம்மா தள்ளினாள், நான் தள்ளினேன், அண்ணியும் தள்ளித்தான் குடித்தனம் நடத்தியிருப்பார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துக்கொண்டோம். பட்டாணிக்குத் தள்ளத் தெரியாது அண்ணா. படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வந்து இறங்க வேண்டும். நாய் வராவிட்டால் அவள் அன்றைக்கு வாசலைத் தாண்ட மாட்டாள். முதல் நாளே தாண்டாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

அதனால் நேராகக் கேட்கிறேன். கார் இருக்கிறதா? நாய் இருக்கிறதா? இல்லை என்றால் நான் சிரிக்க மாட்டேன். இப்போதே சொன்னால் நேரம் இருக்கிறது.

கேட்டுவிட்டேன். காத்திருக்கிறேன்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 3

அண்ணா,

என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது.

அவசரத்துக்கு என்று நீ எப்போதோ கொடுத்த நம்பருக்குப் பேசினேன். கீழே இருக்கிற டயர்கடைக்காரர் எடுத்தார். "யாரு, நம்ம லிஃப்டுக்காரரா? நல்லாத்தான் இருக்காரு. காலைல போயி சாயங்காலம் மேல ஏறிடுவாரு," என்றார். சரி, சுகமாக இருக்கிறாய், அது போதும் என்று வைத்துவிட்டேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பட்டாணி அட்டைகளைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மூன்றாவது அட்டையின் ஓரம் அவள் விரல் பட்டுக் கருத்துவிட்டது.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 16

அன்புத் தங்கச்சிக்கு,

உன் இடுப்பு எப்படி? பட்டாணியின் நெற்றி வீக்கம் வடிந்ததா?

தாமதத்துக்கு வேலைதான் காரணம். டயர்கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆறு மாடித் துணிக்கடை. இந்த ஊரில் நான் ஏற்றி இறக்காத மனிதன் கிடையாது. முதலாளியே ஆனாலும் நான் கதவைத் திறந்தால்தான் வெளியே வர முடியும். இதற்கு மேல்மட்டப் போக்குவரத்து என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? மேனேஜர் என்று ஒருவர் தினமும் என் லிஃப்டில் போகிறார். ஒரு நாளும் வாலாட்டியதில்லை.

நிற்க. போன ஞாயிறு கடைசி வகுப்பு. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார் அம்மா. நான் எழுந்து, "ஒருத்தர், நான் இல்ல, இந்தத் தையல்காரர்னே வச்சுக்குங்க, வீட்டுல இல்லாத நாயைப் படத்துல வரைஞ்சு அனுப்பிட்டார்னா என்ன பண்றது?" என்றேன்.

"என்னை ஏன்யா இழுக்குற," என்றார் தையல்காரர்.

"இல்லாத நாயா?" என்றார் அம்மா.

"பேரெல்லாம் இருக்கு," என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"மாற்ற அட்டை போடுங்க," என்றார். "பழைய படத்து மேல ஒரு கோடு. பக்கத்துல ஒரு அம்பு. அதுக்குப் பக்கத்துல உள்ளது என்னவோ அது. நாள் இருக்கும்போதே காட்டணும். பிள்ளை அழும், கோவிச்சுக்கும். கோவிச்சுக்கட்டும். அன்னைக்கு வாசல்ல நிக்க வச்சு ஏமாத்துறதைவிட இது நல்லது."

"உள்ளது என்னன்னே தெரியலைன்னா?" என்றேன்.

"தெரியாததை வரையாதீங்க. அட்டையைக் காலியா விட்டுடுங்க. காலி அட்டையைப் பிள்ளைங்க பழகிடும். பெரியவங்கதான் அதுல எதையாவது போட்டு நிரப்பிடுவாங்க."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்து வரைந்தேன். அந்த அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. இத்துடன் ஐந்து அட்டை இருக்கிறது.

முதல் அட்டை. காருக்குக் கோடு, பஸ் வரைந்திருக்கிறேன். காரில் வந்தால் நம் தெருவில் திருப்ப இடம் இருக்காது, யோசித்துத்தான் இந்த முடிவு.

இரண்டாவது. முடி. சுருட்டை முடிக்குக் கோடு. இப்போது அங்கே வெளிச்சம் மட்டும்தான். மீசை உண்மை, அதைத் தொடவில்லை, வெள்ளையாக விட்டிருக்கிறேன்.

மூன்றாவது. சிவப்புக் கோட்டுக்குப் பதில் சாம்பல் சட்டை. கடைச் சீருடை, தோள்பட்டையில் பித்தளைப் பொத்தான். ராணுவத்தில்கூட இந்தத் தையல் கிடையாது.

நாலாவது. மேனேஜர். கோடு போட்டு, அம்புக்குப் பக்கத்தில் ஒன்றும் வரையவில்லை. மன்னிக்கச் சொல். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, நீதான் பயிற்சி எடுத்தவள்.

ஐந்தாவது அட்டை வாசல். அதற்குக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அதைக் கடைசியாகக் காட்டு.

விடுப்பு எடுத்தாயிற்று. "இத்தனை வருஷத்துல முதல் தடவையாய்யா கேக்குற," என்றார் மேனேஜர். செப்டம்பர் முதல் திங்களுக்கு முந்தின நாள் மதியப் பஸ்ஸில் வருகிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 27

அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமா?

ஒரு நாளைக்கு ஓர் அட்டை காட்டினேன். பஸ்ஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பஸ் அவளுக்குத் தெரிந்ததுதான். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். சாம்பல் சட்டையைப் பார்த்ததும் பழைய படத்தில் கோட்டின் சிவப்பை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மேனேஜருக்குத்தான் அழுதாள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவள் மறுநாள் மாலை வரை வெளியே வரவில்லை. தட்டை உள்ளே தள்ளினேன், வெளியே தள்ளினாள். நானும் பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். வேலைக்குப் போகவில்லை, சம்பளம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். கடைசியில் ஒரு கை மட்டும் வெளியே வந்தது. தட்டைக் கொடுத்தேன். வெளியே வந்து சுவரில் நாய்ப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, "இல்லை," என்றாள். அழாமல் சொன்னாள். இப்போது தினமும் வரிசையில் அதையும் சேர்த்துச் சொல்கிறாள். "பஸ். மேனேஜர் இல்லை. மாமா."

நேற்று ஐந்தாவது அட்டையைக் காட்டினேன். வாசலில் இருவர், ஓர் அம்பு, அதே வாசலில் நீ மட்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

நீ போட்ட கோடு அண்ணியின் மேல் படவே இல்லை அண்ணா. தோளுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரிலேயே முடிந்துவிட்டது. பட்டாணி அதைப் பார்த்துவிட்டு, "தப்பு," என்றாள். பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டாள். கோடு போட்டால் சரியாகப் போட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நான் தடுக்கவில்லை.

"அத்தை எங்க?" என்றாள். தெரியாது என்றேன். காலி அட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினாள்.

எனக்கு எழுதியிருக்கலாமே என்று எழுதி அடித்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணி எப்படி என்று கேட்டேனே, அதை நினைத்தால் எனக்கே வலிக்கிறது. இனிக் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லத் தோன்றினால் சொல்.

தொப்பி போட்டுக்கொண்டு வராதே. படத்தில் தொப்பி இல்லை.

தங்கச்சி

*

செப்டம்பர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உன் இடுப்பில் தேய்க்கச் சொன்ன எண்ணெயைத் தேய்க்கிறாயா?

உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகும் தொப்பி போட்டுக்கொண்டுதான் வந்தேன், வெயில் என்று காரணம் வைத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே பட்டாணி, அட்டைகளை வளையத்தில் கோர்த்துக் கையில் வைத்துக்கொண்டு. பஸ்ஸைப் பார்த்தாள், ஓர் அட்டையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள், திருப்பவில்லை. "தொப்பி," என்றாள். ஓட்டுநர், நடத்துநர், பயணிகள் அத்தனை பேர் முன்னால் என் தலையைத் திறந்து காட்டினேன். இந்த ஊரில் ஒருவரும் பார்க்காத தலை அது. திருப்பினாள். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள், திருப்பினாள். எனக்குப் பின்னால் குனிந்து, என் கால்களுக்கு நடுவில் நாயைத் தேடினாள், இல்லை, திருப்பினாள். மறுபடி எனக்குப் பின்னால், இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். அங்கேயும் யாரும் இல்லை. கடைசி அட்டையைத் திருப்பிவிட்டு, "சரி," என்றாள். கையைப் பிடிக்கவில்லை. என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இதையெல்லாம் பக்கத்தில் நின்று நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுத வேண்டும் போலிருக்கிறது.

நீ பார்க்காதது பெஞ்சு. முதல் நாள் அவள் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இருந்தேன். பெரிய டீச்சர் வந்து, "நீங்க எங்கயும் எழுந்து போயிட மாட்டீங்களே?" என்றார். "நான் எங்கம்மா போவேன்," என்றேன். வழக்கமாக நான் சொல்கிற பதில் இல்லை அது. நாலு ஊருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். நாள் ஆக ஆகக் கதவு திறப்பது குறைந்தது. வெள்ளிக்கிழமை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நான்தான் அன்றைக்கெல்லாம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து பெஞ்சில் ஆள் வேண்டாம், இடம் பட்டாணிக்குத்தான் என்று டீச்சர் சொன்னபோது, நான் பயிற்சி கொடுத்தால் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்க," என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு நீ வேலை முடிந்து நேராக அங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் மேல் ஈரப் போர்வை வாசனை அடித்தது. "எப்பண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாய். நல்ல பயிற்சி உனக்கு. நான் முதலிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன், பாதி தூரம் வந்துவிட்டேன், மணி அடித்துவிட்டது. நீ இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன்னால் பட்டாணி என்னை உட்கார வைத்து விசாரணை நடத்தியதை நீ சமையலறையில் இருந்ததால் கவனித்திருக்க மாட்டாய். "மாமா வீடு. கீழ?" டயர்கடை என்றேன். "அப்புறம்?" படி என்றேன். "அப்புறம்?" கதவு என்றேன். "உள்ள?" நான் என்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஓர் உறையைத் திணித்தாள். பிரித்தால் படவரிசை. நான் ஊருக்குத் திரும்பிப் போவதை எனக்கு வரைந்திருந்தாள். பஸ். டயர்கடை. படி. கதவு. அறைக்குள் ஒரு மொட்டைத் தலை ஆள். கூட ஒன்றுமில்லை, குறைய ஒன்றுமில்லை. ஜன்னல்கூட நான் சொல்லாததால் அவள் போடவில்லை.

ஒன்றொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். பஸ் நின்றது. டயர்கடைக்காரர், "வாங்க, தங்கச்சி வீடு எப்படி?" என்றார். படி ஏறினேன். கதவைத் திறந்தேன். படத்தில் உள்ளபடியே வந்து சேர்ந்தேன்.

கடைசியாக ஆறாவது ஓர் அட்டை இருந்தது. அதில் ஒன்றும் வரையவில்லை.

வரிசையை லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். ஏறுகிறவர்கள் பார்க்கிறார்கள். என் மருமகள் வரைந்தது, பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்கிறேன், அது உள்ளதுதான். நேற்று மேனேஜர் நாலாவது மாடி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "கடைசி ஒண்ணு காலியா இருக்கே, எதையாவது வரைஞ்சு விடறதுதானே?" என்றார்.

என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. எனக்கா வரையத் தெரியாது?

"இருக்கட்டும் சார்," என்றேன். கதவைத் திறந்தேன், இறங்கிப் போனார்.

பட்டாணியிடம் மாமா வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல். அட்டையைத் திருப்பிவிடுவாள்.

அண்ணன்